ஓங்கல் கேட்ட கடைசிச் சத்தம்

அனுமதிக் கடிதம் பதினான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அதிலும் பேச்சியம்மாள் என்ற என் பெயரைப் பேச்சிமுத்து ஆக்கி, முன்னால் ஒரு 'திரு'வையும் சேர்த்திருந்தார்கள். போகட்டும், வந்ததே பெரிய விஷயம்.

அந்தப் பதினான்கு மாதமும் கோப்பு சும்மா இருக்கவில்லை, ஊர் சுற்றியது. கடல்வள ஆணையத்துக்கு அனுப்பினேன். ஓங்கல் மீன் அல்ல, எனவே எங்கள் வேலை அல்ல என்று திருப்பினார்கள். உயிரினக் காப்பு வாரியத்துக்கு அனுப்பினேன். செத்துப்போன ஓங்கலின் ஒரு துண்டு உயிரினம் அல்ல என்றார்கள். திசு ஒழுங்குமுறைக் குழு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியது. திசு உயிரோடு இருப்பதால் அதனிடம் ஒப்புதல் வாங்கப்பட்டதா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. நான் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது.

நான் நடத்துவது ஒரு திசுக் காப்பகம். புன்னைத்துறையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு நீளமான கட்டடம். கரை ஒதுங்கும் திமிங்கலம், ஓங்கல் எதுவானாலும் நாலு மணி நேரத்துக்குள் போய், அதன் செவி நரம்பையும் அதை ஒட்டிய மூளைத் துண்டையும் வெட்டி எடுத்து வந்து பாதுகாக்க வேண்டும். ஓங்கல் என்று கரைக்காரர்கள் சொல்வதைத்தான் பள்ளிக்கூடத்தில் டால்பின் என்று படித்திருப்பீர்கள். இப்படி என்னிடம் நானூற்றுப் பதினோரு ஜாடிகள் இருந்தன.

முன்பெல்லாம் திசுவை உறைய வைப்பார்கள், அல்லது சாராயத்தில் ஊறப் போடுவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் கேட்பொறி என்ற எந்திரம் வந்ததும் அது மாறிவிட்டது. செவி நரம்பு கடைசி அறுபது மணி நேரம் கேட்ட சத்தத்தைத் தன் உயிரணுக்களில் பதிந்து வைத்திருக்கிறது என்றும், அதைத் திரும்ப வாசித்துவிடலாம் என்றும் கண்டுபிடித்தார்கள். ஆனால் உறைய வைத்தால் பனி ஊசிகள் பதிவைக் குத்திக் கிழித்துவிடும். திசு உயிரோடு இருக்க வேண்டும். உடல் சூட்டில், சத்து நீரில். அந்த நீரை நாங்கள் கஞ்சி என்போம். வாசித்ததும் திசு கரைந்துபோகும், ஒரே ஒரு தடவைதான் வாசிக்கலாம்.

கஞ்சியில் போட்ட திசு உலகம் முழுக்க ஆறே நாளில் செத்துக்கொண்டிருந்தபோது, வருடக்கணக்கில் உயிரோடு வைக்கும் வழியைக் கண்டுபிடித்தது நான்தான். நரம்போடு தாடைக் கொழுப்பிலும் ஒரு துண்டைச் சேர்த்து வெட்டி வைத்தேன். அவ்வளவுதான். கொழுப்பு ஊட்டம் கொடுக்கிறது என்று கட்டுரை எழுதினேன். பாராட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். புது ஜெனரேட்டர் கேட்டேன், அதை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில், நானூற்றுப் பதினோரு உயிர்கள் ஒரு கிழட்டு டீசல் எந்திரத்தை நம்பி இருந்தன. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏன் வந்தது என்று டாக்டர் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

கடிதம் வந்தது 388ஆம் ஜாடிக்காக. ஜாடி ஓங்கலுடையது என்றாலும் அதற்காகக் காத்திருந்தவள் கித்தேரி.

கித்தேரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இதே புன்னைத்துறையில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் காணாமல் போனபின் அம்மா வீட்டோடு ஆத்தூரில் இருந்தாள். அவள் புருஷன் சூசை ஐந்து பேரோடு விசைப்படகில் போனவன், திரும்பவில்லை. புயல் இல்லை, மழை இல்லை. ஆறு நாள் தேடினார்கள், ஒரு ஐஸ் பெட்டி மட்டும் மிதந்தது. கப்பல் மோதியிருக்கும் என்றார்கள் சிலர். எல்லை தாண்டி எங்கோ ஜெயிலில் இருக்கிறார்கள் என்றார்கள் சிலர். படகு காணாமல் போன இரண்டாம் நாள் எங்கள் கரையில் ஒரு ஓங்கல் முதுகில் வெட்டுக் காயத்தோடு ஒதுங்கியது. நான் போய்த் திசு எடுத்தேன். தேடுவதை நிறுத்திய மறுநாள் காலையில் கித்தேரி என் வாசலில் நின்றாள்.

"டாக்டரம்மா, அந்த ஓங்கலுக்குத் தெரியும்."

"எதும்மா?"

"அவிய போட்டுக்கு முன்னால எப்பவும் ரெண்டு ஓங்கல் போகும். அவிய கழிவு மீனை அதுக்குத்தான் போடுவாவ. அதுல ஒண்ணுதான் இது. காதுல கேட்டதை நீங்க எடுத்துக் குடுப்பியளாமே? திமிங்கலக் கேசுல எடுத்துக் குடுத்தியளாமே?"

"எடுத்தாலும் அது உங்க வீட்டுக்காரர் படகுதான்னு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "காலையில கரையில நிக்கிற எங்களுக்குப் போட்டு கண்ணுல படுறதுக்கு முந்தி சத்தம்தான் வரும். அதக் கேட்டுத்தான் உலையே வைப்போம். எங்க கரையில எழுபது போட்டு. எழுபதையும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எங்க வீட்டு இஞ்சின் எனக்குத் தெரியாதா?"

பிறகு கழுத்தில் கிடந்த தாலியைத் தொட்டாள். "இதைக் கழட்டவா, வேண்டாமா? மாமியா கழட்டுங்கா. கோயில் பங்குச் சாமியார் பொறுங்காரு. நான் யாரைக் கேக்க?"

என்ன செய்ய? சட்டப்படி நான் என் இஷ்டத்துக்கு வாசிக்க முடியாது. எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் வந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் பிடித்து வந்தாள். "வந்துட்டா?" "இல்லைம்மா." அதற்குப் பிறகு அவளைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் ஜாடி அறைக்குள் விட்டேன். விதிப்படி அது தப்பு. 388க்கு எதிரே ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள், அப்புறம் ஜாடியோடு பேசுவாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து தொலைபேசியில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை வாசிப்பை வைத்தேன். சொல்லி அனுப்பி வரவழைத்த கித்தேரியை வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நானும் ராஜகனியும் உள்ளே போனோம். ராஜகனி எங்கள் டெக்னீஷியன். எந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும், என்னிடம் ஏச்சு வாங்குவதும் பதினொரு வருடமாக அவர்தான்.

திசு கேட்பொறிக்குள் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் முதல் சத்தம் வந்தது. ஒரு கனத்த உறுமல்.

"கப்பல் மேடம்!" என்றார் ராஜகனி. பதினான்கு மாதம் வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் இரும்பு ஸ்டூல் தரையில் உராயும் சத்தம் கேட்டது. அதன்பின் ஒரு பெண் குரல் மெதுவாக ஜெபமாலை சொன்னது. முடித்துவிட்டு, "இன்னைக்கும் வரலையாம். நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்" என்றது.

எந்திரம் தன்பாட்டுக்கு ஓடியது. அடுத்து வந்தது என் குரல். "ஓங்கல் மீன் இல்லைய்யா! பால் குடுக்குற ஜீவன்! உங்களுக்கு எத்தனை தடவைய்யா சொல்றது?" இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, தொலைபேசியில் நான் போட்ட சத்தம் அது. இவ்வளவு அசிங்கமாகவா நான் கத்துகிறேன் என்று தோன்றியது.

"மேடம், வேற ஏதாவது ரெக்கார்டிங் கலந்துட்டா?"

"கலக்கலை."

"காதே இல்லாத துண்டு எப்படி மேடம் கேக்கும்?"

"ஓங்கலுக்குக் காது ஓட்டை ஒரு பேருக்குத்தான். சத்தம் தாடைக் கொழுப்பு வழியாத்தான் உள்ள போகும்."

அவருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. "அந்தக் கொழுப்பைத்தானே நாம…"

"நாம இல்லை, நான்."

முதல் வருடம் படிக்கும் மாணவிக்குக்கூடத் தெரிந்த விஷயம். தாடைக் கொழுப்பால் கேட்கும் விலங்கிலிருந்து, தாடைக் கொழுப்போடு செவி நரம்பை வெட்டி, உயிரோடு, இரைச்சலான அறையில் வைத்திருக்கிறேன். அது சும்மா இருக்குமா? கேட்டது. புதிதாகக் கேட்கக் கேட்கப் பழையதை அழித்துக்கொண்டே கேட்டது. கொழுப்பு ஊட்டம் கொடுத்ததால் திசு பிழைத்தது என்று எழுதினேனே, அது சுத்தப் பொய். கேட்பதற்கு ஏதோ இருந்தது, அதனால் பிழைத்துக் கிடந்தது. அறுபது மணி நேரம்தான் அதன் கொள்ளளவு. சூசையின் படகுச் சத்தம் கித்தேரி என்னிடம் முதல்முறை வரும் முன்பே போய்விட்டது. நான் ஆணையத்தைத் திட்டிக்கொண்டிருந்த பதினான்கு மாதமும் அந்த ஜாடியில் ஒன்றுமே இல்லை.

ராஜகனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிய அந்த அம்மா உக்காந்திருக்காங்க மேடம்."

"தெரியும்."

நான் அப்போது செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். அவளுக்கு ஒரு பதில் வேண்டும், என்னிடம் பதில் இல்லை, அவளிடம் போய் 'உன் புருஷன் குரலுக்கு மேல் உன் குரலையே பதிய வைத்துவிட்டேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கப்பல் மோதி முடிந்தது என்று சொல்லிவிட்டால் தாலியைக் கழற்றுவாள், அழுவாள், பிறகாவது தூங்குவாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தக் காப்பகமும் பிழைக்கும் என்ற நினைப்பு அடியில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கணினியில் பழைய வாசிப்பு ஒன்று இருந்தது, இதற்கு முன் அனுமதி கிடைத்து நான் வாசித்தது அது ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் நீதிமன்றத்தில் நான் கொடுத்தது. இரண்டு திமிங்கலங்கள் கரையில் மோதிச் செத்த வழக்கு. அறுபது மணி நேரமும் விடாத இஞ்சின் உறுமல். அந்தப் பகுதியில் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்து வைத்திருந்தது ஒரே ஒரு இழுவைக் கப்பல். அதன் ஓட்டுநர் சேகுமீரானுக்கு ஏழு வருடம் தண்டனை. தடை செய்த இடத்தில் இரைச்சலோடு ஓட்டித் திமிங்கலங்களைக் கொன்றார் என்று தீர்ப்பு.

"அது வேண்டாம் மேடம்" என்றார் ராஜகனி. என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உம்ம வேலையைப் பாரும்" என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

கித்தேரியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். "கப்பல்தான் கித்தேரி. பெரிய கப்பல். ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். அவங்க கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க."

அவள் அழவில்லை. "போடுங்க, கேக்கேன்."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் விரல் ஸ்டூலின் விளிம்பில் எதையோ எண்ணுவதுபோல் தட்டியது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, இது கப்பல் இல்ல."

"உனக்கு மீன்பிடி போட்டுச் சத்தம் தெரியும். இது பெரிய இஞ்சின், உனக்கு…"

"இது உங்க ஜெனரேட்டர்."

நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

"கொல்லையில ஓடுதுல்லா, அது. பன்னெண்டு எண்ணுறதுக்குள்ள ஒருவாட்டி இருமும். இருமிட்டு மூச்சு வாங்கும். பதினாலு மாசம் அதக் கேட்டுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணியிருக்கேன். வேணும்னா நீங்களும் எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஒன்று, இரண்டு… பன்னிரண்டுக்குள் இருமியது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருமியது.

"இருக்காது" என்றேன். "இது மூணு வருசத்துக்கு முந்தி எடுத்தது. அப்போ டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு நாலு நாளாக் கரண்ட் இல்லை, ஜாடியெல்லாம் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில…"

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியும் பிரயோஜனமில்லை.

"மூணு வருசமா?" என்றாள் கித்தேரி. "அப்ப இது எங்க ஓங்கல் இல்லையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பைச் சொன்னேன், அறுபது மணி நேரத்தைச் சொன்னேன், 388இல் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"பொய் சொன்னிய."

"ஆமா."

"செத்துட்டாவன்னு சொன்னிய. தெரியாம சொன்னிய. நான் வீட்டுக்குப் போயி இதைக் கழட்டிருப்பேன்." அவள் எழுந்துவிட்டாள். "பதினாலு மாசம் ஆத்தூருல இருந்து வந்தேன், டாக்டரம்மா. ஒரு ஜாடிக்கு முன்னால உக்காந்து நான் பேசிப் பேசியே அவிய குரலை அழிச்சிருக்கேன். யாராவது வாயை மூடுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

உன் குரல் அல்ல, மூன்றாம் நாளே போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"அந்தச் சத்தம் யாரு கேசு? பேப்பர்ல வந்துச்சே, அதா?"

"ஆமா."

"அந்த மனுசன் எங்க?"

"ஜெயில்ல."

"அவரு என்ன சொன்னாரு?"

சேகுமீரான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'அந்த மூணு நாளும் இஞ்சின் ரிப்பேருங்க. கரையில கட்டிக் கிடந்துச்சு. அதான் கருவியையும் அணைச்சு வச்சேன்' என்றார். நீதிமன்றத்தில் சிரித்தார்கள். இந்தச் சத்தம் நூற்றுக்கு நூறு உண்மை என்று நான் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன்.

அதையும் சொன்னேன். கித்தேரி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பொண்டாட்டி உண்டா?"

"உண்டு. ராவியத்துன்னு பேர். தீர்ப்பு அன்னைக்கு வராந்தாவுல என் கையைப் பிடிச்சா. 'அவுங்க பொய் சொல்ல மாட்டாங்க, ஒரு தடவை சரியாக் கேளுங்க'ன்னா."

"நீங்க கேட்டியளா?"

"கையை உதறிட்டு வந்தேன்."

கரண்ட் போய், தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. ராஜகனி ஜெனரேட்டரைப் போட்டார். இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு எண்ணப் பிடிக்கவில்லை.

"இதை வெளிய சொன்னா இங்க எல்லாம் போயிரும்" என்றேன். "இத்தனை ஜாடியும் குப்பை. என் பேரு, வேலை, எல்லாம். பரவாயில்லை. ஆணையத்துக்கு இன்னைக்கே எழுதிடறேன். நீதிமன்றத்துக்கும் ஒரு நகல் போட்டு…"

"எழுதுனா பதினாலு மாசம் ஆகும்" என்றாள் கித்தேரி.

வாழ்க்கை முழுக்க நான் மற்றவர்களைத் திட்டப் பயன்படுத்திய வாக்கியத்தை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

"எழுதுங்க. வேண்டாங்கல. வக்கீலைப் பாருங்க, கோர்ட்டுக்குப் போங்க. அதெல்லாம் ஆகும்போது ஆகட்டும். அவ வீடு எங்க?"

"காயல்பட்டினம்."

"பஸ்ல அரை மணி நேரம். எந்திரிங்க."

"இப்பவா? நான் என்னன்னு போய்…"

"அவிய இருக்காவளா செத்தாவளான்னு எனக்குச் சொல்ல இந்த உலகத்துல ஒருத்தரும் இல்ல, டாக்டரம்மா. நேத்து வரைக்கும் அந்த ஜாடி இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல. அவளுக்கு நீங்க இருக்கிய. போயிச் சொல்லுங்க."

பஸ்ஸில் கூட்டம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று அரை மணி நேரமும் யோசித்தேன். அறிவியல்ரீதியாக விளக்கினால் புரியும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

தெருவில் இரண்டு பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த ராவியத் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி, உள்ளே வரச் சொல்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடத்தில் பத்து வயது கூடியிருந்தாள்.

கித்தேரி என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது நிஜம்" என்றேன். "இஞ்சின் ஓடலை. கப்பல் கரையிலதான் கட்டிக் கிடந்திருக்கு. தப்பு என்னோடது. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

அவள் உள்ளே திரும்பி, "மாமீ, இங்க வாங்க, வந்து இதைக் கேளுங்க" என்று குரல் கொடுத்தாள். சேகுமீரானின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். "இப்ப சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. இவங்களுக்குக் காது கேக்காது."

மூன்றாம் தடவை, தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். கித்தேரி வாசல்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் வாசலுக்கு இப்படி யாரும் வரப்போவதில்லை. அடுத்த வீட்டுக்கு வந்த செய்தியை அவள் மூன்று தடவையும் கேட்டாள்.